எட்டாவது குச்சி

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே கரண்ட்காரர் சுவிட்ச் போர்டு அத்தனைக்கும் பெயர் எழுதி ஒட்டிவிட்டார். வெள்ளை டேப்பைச் சின்னச் சின்னதாக வெட்டி, கறுப்பு மார்க்கரால் 'ஹால் லைட்', 'ஹால் ஃபேன் 1', 'ஹால் ஃபேன் 2' என்று எழுதினார். சுவிட்சுகள் தீர்ந்துபோனதும் கை சும்மா இருக்கவில்லை. உப்பு டப்பா, சர்க்கரை டப்பா, மொட்டைமாடிச் சாவி என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் பெயர் வைத்தார். உப்புக்கு உப்பு என்று எழுதி ஒட்டும் மனிதரை என்ன செய்வது என்று மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

மகள் சிரிக்கவில்லை. ஹால் போர்டு முன்னால் வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"இது ஏன் ரெண்டு?"

"ஒண்ணு முன்னாடியே இருந்தது. இது நான் வந்து மாட்டினது."

"ஓ" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஐந்து மாதத்தில் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதில் அதுதான் நீளமான பேச்சு.

அவள் மனைவியின் முதல் கல்யாணத்து மகள். எட்டு வயது. பெற்ற அப்பா வேறு ஊரில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்வார். இந்தக் குடியிருப்பில் உள்ள பொடிசுகள் எல்லாம் கரண்ட்காரரை 'கரண்ட் மாமா' என்று கூப்பிட்டு உயிரை எடுப்பார்கள். இவள் மட்டும் எதுவுமே சொல்லிக் கூப்பிடுவதில்லை. "இங்க பாருங்க" என்பாள். "சாப்பிட வரணுமாம்" என்பாள். "அம்மா தேடறாங்க" என்பாள். ஒரே வீட்டில் ஐந்து மாதமாக ஒருவரைக் கூப்பிடாமலே காரியத்தை நடத்திக்கொள்வது லேசுப்பட்ட திறமையா? கரண்ட்காரர் அதை உள்ளுக்குள் மெச்சிக்கொண்டார். மெச்சிக்கொண்டே வருத்தப்பட்டார்.

பள்ளிக்கூடத்துக்கு நீண்ட விடுமுறை விட்டிருந்தார்கள். குடியிருப்பின் அம்மாக்கள் கூடிப் பேசி ஒரு முறை வைத்திருந்தார்கள்: தினம் ஒரு வீடு, நாலு மணிக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏதாவது தின்னக் கொடுக்க வேண்டும், அது பழமாக இருக்க வேண்டும். எண்ணெய்ப் பலகாரம் தின்று தின்று பிள்ளைகளுக்கு வயிறு கெட்டுப் போகிறதாம். முந்தின நாள் மேல்மாடி வீட்டுக்காரி தர்பூசணியை நட்சத்திரம் நட்சத்திரமாக வெட்டிக் கொடுத்துக் கலக்கிவிட்டாள். இன்றைக்கு இவர்கள் முறை. பல் மருத்துவரிடம் வரவேற்பு வேலை பார்க்கும் மனைவிக்குக் காலையில் போன் வந்தது. இன்னொரு பெண் வரவில்லை, உடனே கிளம்பி வா என்றார்கள்.

"பழம்தானே. அடுப்பே பத்த வைக்க வேண்டாம். கலர் கலரா வெட்டி, குச்சியில குத்திக் குடுத்தாப் போதும்" என்று சொல்லிக்கொண்டே அவள் செருப்பை மாட்டினாள். "எது எதுன்னு அவ சொல்லுவா. என்னை மட்டும் கூப்பிடாதீங்க, வேலை நேரத்துல போனை வாங்கி வச்சிடுவாங்க."

கதவு சாத்திக்கொண்டது. வீட்டில் அவரும் அவளும் மட்டும். முழு நாள் இப்படி இருப்பது இதுதான் முதல் தடவை. மூன்று மாடிக்கு ஒயர் இழுக்கச் சொன்னால் விசில் அடித்துக்கொண்டே இழுக்கிற மனிதருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவள் ஒரு தாளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

பார்த்ததும் கரண்ட்காரருக்கு உயிர் வந்தது. அது வரைபடம்! ஏழு கோடுகள், ஒவ்வொரு கோட்டிலும் கலர் பென்சிலால் வரிசையாக வட்டங்கள், கோட்டுக்குப் பக்கத்தில் யாருடையது என்று எழுத்து. கண்ணாடி போட்ட சோடாபுட்டிக்குச் சிவப்பு, மஞ்சள், சிவப்பு. மூத்த ரெட்டைக்குப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு. இளைய ரெட்டைக்கும் அதேதான், ஆனால் பச்சை இருந்த இடத்தில் பெருக்கல் குறி. அவனுக்குத் திராட்சை ஆகாது. 'நான்' என்று எழுதியிருந்த கோட்டில் மஞ்சள், மஞ்சள், மஞ்சள், மூன்றுக்கும் மேலே 'மாம்பழம்' என்று குட்டி எழுத்து, கடைசியில் ஒரே ஒரு சிவப்பு. இதைவிடத் தெளிவான வரைபடத்தை எந்த எஞ்சினியரும் அவருக்குக் கொடுத்ததில்லை.

ஆனால் ஏழோடு முடியவில்லை. தாளின் அடியில் எட்டாவதாக ஒரு கோடு இருந்தது. அதற்குப் பெயர் இல்லை. அதில் மூன்றே வட்டம்: ஒன்று பழுப்பு, ஒன்று நீலம், ஒன்று பச்சை. அந்தப் பச்சையின் குறுக்கே மஞ்சளில் ஒரு பட்டை.

கரண்ட்காரர் விரல் விட்டு எண்ணினார். குடியிருப்பில் பிள்ளைகள் ஏழுதான். இவளையும் சேர்த்து ஏழு.

"இது யாருக்கு?"

"நாலு மணிக்குத் தெரியும்."

"சரி... நீலத்துல என்ன பழம்?"

"கலர்தான் போட்டிருக்கேன்ல" என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும் என்பதுபோல் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கீழே விளையாட ஓடிவிட்டாள்.

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கூடப் பார்த்தார். நாலு மணிக்குத் தெரியும் என்றால் நாலு மணிக்கு யாரோ வருகிறார்கள். பிள்ளைகளில் சேராத யாரோ. பெயர் எழுதக் கூடாத யாரோ.

அப்போதுதான் போன ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. ஸ்டூல் மேல் ஏறி நின்று டியூப்லைட் பட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தார். அதே அறையில் இவள் போனில் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். "லீவு முடியறதுக்குள்ள வர்றேன்னு சொன்னீங்கல்ல?" என்று கேட்டாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னாள். அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, இந்தப் பக்கம் சிரிப்பு வந்தது.

அப்படியானால் வருவது அவளுடைய அப்பாதான்.

வரட்டும். பெற்ற தகப்பன் மகளைப் பார்க்க வருவதில் என்ன தப்பு? அதைத் தப்பு என்று நினைக்கிற கெட்ட மனிதர் இல்லை கரண்ட்காரர். ஆனால் தன்னிடம் யாரும் சொல்லவில்லையே? மனைவிக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்துதான் வேலைக்குப் போய்விட்டாளா? தெரியாவிட்டால் சொல்லலாமா, கூடாதா? அந்த மனிதரை எங்கே உட்காரவைப்பது? வந்தவர் ஒருவேளை 'இவர் யார்' என்று கேட்டால் பிள்ளை என்ன சொல்லும்? 'இங்க பாருங்க' என்றா? யோசிக்க யோசிக்கத் தலையே வெடித்துவிடும்போல் இருந்தது. பெயரை எழுதாமல் விட்டதுகூடத் தன் மனம் நோகக் கூடாது என்றுதான் என அவர் முடிவு கட்டினார். எட்டு வயதில் இவ்வளவு நாகரிகமா என்று அதற்கும் ஒரு பெருமூச்சு.

ஒன்று மட்டும் குழப்பமில்லாமல் தெரிந்தது. அந்த எட்டாவது குச்சி பிசகக் கூடாது. வந்தவர் முன்னால் அவள் முகம் வாடக் கூடாது.

பழக்கடைக்காரர் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். தர்பூசணி, அன்னாசி, மாம்பழம், ஆரஞ்சு, பச்சைத் திராட்சை, ஸ்ட்ராபெர்ரி எல்லாம் மளமளவென்று பைக்குள் போயின.

"அப்புறம், பழுப்பு கலர்ல ஒண்ணு வேணும்."

"பழுப்புன்னா? அழுகினதா?"

"அழுகினது எதுக்குங்க? நல்லதா, பழுப்பா."

கடைக்காரர் பேரீச்சம்பழத்தை நீட்டினார். கரண்ட்காரர் தாளையும் பழத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். நீலத்துக்கு, குளிர்பெட்டியின் மூலையில் இருந்து ஒரு சின்ன டப்பா ப்ளூபெர்ரி வந்தது.

"இது நீலமா, கறுப்பா?"

"பேர்லயே நீலம்னு இருக்கு சார். அதுக்கு மேல நான் என்ன சத்தியமா பண்ண முடியும்?"

"சரி விடுங்க. பச்சையில மஞ்சக் கோடு போட்ட பழம்?"

கடைக்காரர் ரேடியோவை நிறுத்தினார். இந்த ஆளுக்கு என்ன ஆச்சு என்று ஒரு நிமிஷம் பார்த்தார். "நான் பழம் விக்கறேன் சார், துணி விக்கல" என்றார். கரண்ட்காரர் ஒரு பச்சை ஆப்பிளை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

வேலையில் இறங்கியதும் குழப்பம் கொஞ்சம் ஒதுங்கி நின்றது. மூங்கில் குச்சிகளின் கூர் முனை பிள்ளைகள் வாயில் குத்தும் என்று கட்டிங் பிளையரால் நறுக்கி, உப்புத்தாளால் தேய்த்து மழுங்கடித்தார். ஒவ்வொரு துண்டும் ஒரே அளவு இருக்க ஸ்கேலை வைத்து வெட்டினார். ஆப்பிள் கறுக்காமல் இருக்க எலுமிச்சைச் சாறு தொட்டார். இது அவராகக் கண்டுபிடித்ததில்லை, மனைவி செய்வதை ஓரக்கண்ணால் பார்த்து வைத்திருந்தது. ஸ்ட்ராபெர்ரியின் காம்பைக் கிள்ளி, தலைகீழாகக் குத்தினால் குல்லா போட்டது போல் இருந்தது. ஏழு பேரில் கடைக்குட்டியான பொடிசுக்கு அது பிடிக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஏழு குச்சியும் முடிந்து, ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளை டேப்பைக் கொடிபோல் மடித்துப் பெயர் எழுதி ஒட்டியபோது மணி இரண்டரை.

பிறகு எட்டாவது.

பேரீச்சம்பழத்தின் கொட்டையை எடுத்துவிட்டு உருண்டையாக அழுத்தினார். ப்ளூபெர்ரி ரொம்பச் சின்னதாக இருந்ததால் மூன்றைச் சேர்த்துக் குத்தினார். கடைசியில் பச்சை ஆப்பிள். தோலோடு ஒரு துண்டை வெட்டி, சின்னக் கத்தியால் தோலின் குறுக்கே சன்னமான பள்ளமாக ஒரு காடி எடுத்தார். மாம்பழத்தில் இருந்து தீக்குச்சி கனத்துக்கு ஒரு கீற்று சீவி அந்தக் காடிக்குள் பதித்தார். முதல் துண்டு உடைந்தது. இரண்டாவது கோணலாக வந்தது. நாலாவதுதான் சரியாக அமைந்தது: பச்சை, நடுவில் நூல் பிடித்தது போல மஞ்சள். இருபத்திரண்டு வருஷ வேலையில் இவ்வளவு பதவிசாக அவர் எதையும் பொருத்தியதில்லை. யாருக்காக இந்தப் பாடு என்று நினைத்தபோது சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அதன் கொடியில் எதுவும் எழுதாமல் விட்டார்.

குளித்தார். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டினார். கழற்றிவிட்டு வேலைச் சட்டையை மாட்டினார். வந்தவர் எதிரில் மாப்பிள்ளை மாதிரி நிற்க வேண்டாம் என்று தோன்றியது. அப்புறம், நிற்கவே வேண்டாம் என்று தோன்றியது. அப்பாவும் மகளும் பார்த்துக்கொள்ளட்டும், நடுவில் நாம் எதற்கு? பிள்ளைகள் தின்று முடித்ததும் அவசர வேலை என்று சொல்லிக் கிளம்பிவிடுவது என்று முடிவெடுத்து, கருவிப் பையைக் கதவோரம் கொண்டுவந்து வைத்தார். அந்த முடிவு சரியா தப்பா என்று அவருக்குத் தெரியவில்லை. 

நாலு அடிக்கும் முன்பே பிள்ளைகள் திமுதிமுவென்று வந்துவிட்டார்கள். "கரண்ட் மாமா, எனக்கு எது? கரண்ட் மாமா, என்னுது நீளமா?" தட்டைச் சுற்றி ஒரே தள்ளுமுள்ளு. அவரவர் பெயரைப் படித்து அவரவர் குச்சியை எடுத்ததும் சத்தம் அடங்கியது. சோடாபுட்டி தன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "நேத்து நட்சத்திரத்துக்கு இது எவ்வளவோ மேல்" என்று தீர்ப்பு சொன்னான். பொடிசு ஸ்ட்ராபெர்ரிக் குல்லாவைத் தின்ன மனசில்லாமல் வைத்துக்கொண்டு நின்றது. மகள் தன் மாம்பழக் குச்சியைச் சாப்பிட்டுக்கொண்டே ஒவ்வொருவர் குச்சியையும் தாளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தாள். ஒன்றும் பிசகவில்லை என்றதும் அவள் முகத்தில் ஒரு பெருமை. யாருக்கும் காட்டாமல் மறைக்கப் பார்த்தாள், முடியவில்லை.

தட்டில் ஒரு குச்சி மிச்சம் இருந்தது.

கரண்ட்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். அழைப்பு மணி அடித்தது.

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார். வாட்ச்மேன் நின்றுகொண்டிருந்தார்.

"சார், தண்ணி மோட்டார் ஓடல. மேல டேங்க் காலி. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

தெய்வமே வந்தது போல் இருந்தது அவருக்கு. "இதோ வந்துட்டேன்" என்று பையை எடுத்துத் தோளில் போட்டார். வாசல்படியில் ஒரு கால் வைத்தாயிற்று.

"எங்க போறீங்க?"

மகள் தட்டோடு நின்றாள்.

"மோட்டார் ரிப்பேராம். நீ... நீங்க இருங்க. வர்றவங்க வரட்டும். நான் மெதுவா வர்றேன்."

"யார் வர்றாங்க?"

அவர் பையை மறு தோளுக்கு மாற்றினார். "உன் அப்பா வர்றார்ல? இந்தக் குச்சி அவருக்குத்தானே?"

"அப்பா அடுத்த மாசம்தான் வர்றாங்க" என்றாள் அவள். "இது உங்களுக்கு. முதல்ல சாப்பிட்டுட்டுப் போங்க."

கரண்ட்காரர் திருதிருவென்று முழித்தார். "எனக்கா?"

"பின்ன?"

"எனக்குன்னா... பழுப்பு, நீலம், இந்தக் கோடு, இதெல்லாம் என்ன?"

 அவள் தட்டை மேசையில் வைத்துவிட்டு வந்து, அவர் தோளில் இருந்த பையின் பக்கவாட்டில் தொங்கிய ஒயரை விரலால் பிடித்துக் காட்டினாள். மேல்தோல் மட்டும் உரித்த மூன்று கம்பி ஒயர். ஒன்று பழுப்பு, ஒன்று நீலம், ஒன்று பச்சையில் மஞ்சள் பட்டை. இருபத்திரண்டு வருஷமாக, தினமும் விடிந்ததும் அவர் தொட்ட மூன்று கலர். அதைத்தான் காலையில் இருந்து தலைகீழாகவும் வெளிச்சத்திலும் பிடித்துப் பார்த்து, பழக்கடையில் கூடையைக் கிளறி, ஆப்பிளில் காடி வெட்டிக்கூட அடையாளம் தெரியாமல் இருந்திருக்கிறார் மகா புத்திசாலி.

"உங்களுக்கு என்ன பழம் பிடிக்கும்னு எனக்குத் தெரியாது" என்றாள் அவள், ஒயரைப் பார்த்துக்கொண்டே. "கேக்கவும் ஒரு மாதிரி இருந்துச்சு. அதான் ஒயர் கலர் போட்டேன். இதுதானே எப்பவும் உங்க பையில இருக்கு."

ஐந்து மாதமாக அவரும் அவளிடம் கேட்டதில்லை. அவளுக்கு மாம்பழம்தான் உயிர் என்பது இன்றைக்குத் தாளைப் பார்த்துத்தான் தெரிந்தது. உப்புக்கு உப்பு என்று எழுதத் தெரிந்தவருக்கு இது தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

"இதுல ஏன் பேர் எழுதல?" என்று அவள் வெறும் கொடியைத் திருப்பிப் பார்த்தாள்.

"யாருக்குன்னு தெரியல. அதான்."

அவள் அவருடைய சட்டைப் பையில் இருந்து மார்க்கரை உருவினாள். மேசையில் குனிந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, அவர் எழுதுவது போலவே கட்டை எழுத்தில் எழுதினாள். எழுதிவிட்டுக் குச்சியை நீட்டினாள்.

'அப்பா 2' என்று இருந்தது.

அவர் அதைப் படித்தார். மறுபடி படித்தார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கோ வாய் கோணிக்கொண்டு நின்றது. வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

"அதென்னம்மா ரெண்டு?"

"ஒண்ணு முன்னாடியே இருந்தது" என்றாள் அவள், இதுகூடத் தெரியாதா என்கிற குரலில். "இது அப்புறமா வந்தது." சொல்லிவிட்டுப் பிள்ளைகளிடம் திரும்பி ஓடினாள்.

கரண்ட்காரர் படியிறங்கிக்கொண்டே சாப்பிட்டார். பேரீச்சை இனித்தது. ப்ளூபெர்ரி புளித்தது. ஆப்பிள் துண்டை மட்டும் கடிக்க மனம் வராமல், இரண்டு மாடி இறங்கும்வரை கையிலேயே வைத்திருந்து கடைசியில் கடித்தார். கொடியைப் பத்திரமாகக் குச்சியில் இருந்து உரித்து, கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டரின் பிடியில் சுற்றி ஒட்டினார்.

கீழே மோட்டார் பெட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே பழுப்பு, நீலம், பச்சையில் மஞ்சள். அவர் டெஸ்டரைக் கையில் பிடித்தபடி நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"என்ன சார், எந்த ஒயர்னு தெரியலையா?" என்றார் வாட்ச்மேன்.

"தெரியுது, தெரியுது" என்று அவர் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கொஞ்சம் மங்கலா இருக்கு. ஒரு நிமிஷம் இருங்க."